உஷார்! அதிருமலை தாண்டினால் வேறு கூரை இல்லை

சீசன் நெருங்குகிறது. அமரவிளை பாலத்தடி டீக்கடையில் தொடங்கி பாறசாலை ஜங்ஷன் வரை இளவட்டங்களுக்கு இப்போது ஒரே பேச்சுதான்: அகஸ்தியர்கூடம். “பாஸ் எப்படியும் எடுத்துடலாம், ஷூ மட்டும்தான் வாங்கணும்” என்கிறான் ஒருவன். “ஷூ எதுக்குடே, செருப்பு போதும்” என்கிறான் பக்கத்திலிருப்பவன். கேட்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நம் பாலத்துக்கடியில் ஓடும் நெய்யாறு பிறக்கும் மலை அது. போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் என்ன மாதிரி இடத்துக்குப் போகிறோம் என்று தெரியாமலே ஒரு கூட்டம் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் பயம்.

இந்த மயக்கத்துக்கு ரீல்ஸ் பாதிக் காரணம். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் லீவில் டோலமைட் மலைகளுக்குப் போய்ப் படம் போடுகிறார்கள். வெளுத்த சுண்ணாம்புப் பாறைச் சிகரங்கள், அடியில் பச்சைப் புல்வெளி, சாயங்காலம் ஆனால் ஒரு மரவீடு, மேசையில் ஆவி பறக்கும் சூப். அங்கே ‘ஆல்ட்டா வியா 1’ என்று ஒரு பாதை உண்டு. சுமார் 120 கிலோமீட்டர், பத்து நாள் நடை. ஒவ்வொரு நாள் முடிவிலும் ‘ரிஃபுஜியோ’ எனப்படும் தங்குவிடுதி காத்திருக்கும். முட்டி வலித்தால் ஒரு விடுதியில் நடையை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கி பஸ் பிடிக்கலாம். ஆபத்தென்றால் ஹெலிகாப்டர் வரும். இத்தனை ஏற்பாடு இருந்தும் அங்கே மலை யாரையும் விட்டுவைப்பதில்லை. 2022 ஜூலை 3 அன்று மர்மோலாடா சிகரத்தில் பனிப்பாளம் உடைந்து சரிந்ததில் 11 பேர் செத்தார்கள்.

அதைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர் மனசில் ஒரு கணக்கு ஓடுகிறது: அதிருமலையிலும் கேம்ப் உண்டு, கஞ்சி உண்டு, பாய் உண்டு, அப்படியென்றால் நம்மூர் ரிஃபுஜியோதானே? இல்லை. இங்கே தங்குவதற்கு இருப்பது ஒரே ஒரு இடம். போணக்காட்டில் வனத்துறை பிக்கெட் ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடந்தால் அதிருமலை. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். உச்சி 1,868 மீட்டர். முதல் நாள் அதிருமலை வரை, இரண்டாம் நாள் உச்சி ஏறித் திரும்ப அதிருமலை, மூன்றாம் நாள் இறக்கம் என்பதுதான் வழக்கம். நடுவழியில் ரோடு வந்து சேருகிற இடம் கிடையாது. போன வழியேதான் திரும்ப வேண்டும். பாதையின் பெரும்பகுதியில் செல்போனில் சிக்னலும் கிடையாது. உச்சியில் ஒருவர் காலை முறித்துக்கொண்டால், இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களும் வாட்சர்களும் கம்பிலும் துணியிலும் தூளி கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து இத்தனை தூரமும் இறக்கியாக வேண்டும். அதன் பிறகு குண்டும் குழியுமான எஸ்டேட் ரோடு. அதற்கப்புறம்தான் விதுரா ஆஸ்பத்திரி.

1850-களில் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வுக் கூடத்தை நடத்திய ஜான் ஆலன் புரவுன், இந்த மலை உச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக் காந்தப்புலத்தை அளந்தார். திருவனந்தபுரத்திலும் இந்த மலையிலும் எடுத்த அளவுகள் 1874-இல் புத்தகமாகவே வந்தன. ராஜாவின் பணமும் ஆள்பலமும் இருந்தும் அந்தக் கூடத்தை மலை விட்டுவைக்கவில்லை. இன்று உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது, பாறை இருக்கிறது, ஒதுங்க ஒரு கூரை இல்லை.

முதல் உஷார் பாஸ் விஷயத்தில். சீசன் என்பது ஜனவரி நடுவில் தொடங்கி சில வாரங்கள்தான். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வனத்துறை எண்ணித்தான் விடுகிறது. ஆன்லைன் பதிவு திறந்தால் மளமளவென்று தீர்ந்துவிடும். இந்த ஏக்கத்தில்தான் ஏமாற்றுக்காரன் கடை போடுகிறான். “என் கையில் நாலு பாஸ் இருக்கு, ஜிபே பண்ணுங்க” என்று வாட்ஸ்ஆப்பில் வரும். பாஸ் பெயருக்கும் அடையாள அட்டைக்கும் கட்டுப்பட்டது. அடுத்தவன் பெயரில் எடுத்ததை வைத்துக்கொண்டு போணக்காட்டில் போய் நின்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். வனத்துறையின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் பைசா கட்டாதீர்கள்.

இதைவிட மோசம், “பாஸே வேண்டாம், வேறு வழியாக் கூட்டிட்டுப் போறேன்” என்கிறவன். அவன் கூட்டிக்கொண்டு போவது வனவிலங்குச் சரணாலயத்துக்குள். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். களக்காடு முண்டந்துறைப் பக்கமிருந்து ஏறிவிடலாம் என்று நெல்லைச் சொந்தக்காரர் ஆசை காட்டினாலும் இதே கதைதான், அது புலிகள் காப்பகம். கேஸைக்கூட விடுங்கள். பாஸோடு போகிறவன் எந்த நாள் உள்ளே போனான், எந்த நாள் வெளியே வரவேண்டும் என்பது ரெஜிஸ்டரில் இருக்கும். திருட்டு வழியில் போனவன் வழி தவறினால் அவனைத் தேடவேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

அடுத்தது மெடிக்கல் சர்டிபிகேட். வனத்துறை கேட்கிறது, நாமும் கொடுக்கிறோம். எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. தெரிந்த டாக்டர், தெரிந்த கம்பவுண்டர், ஐந்து நிமிஷத்தில் சீல் விழுந்த பேப்பர். கோவை வெள்ளியங்கிரியில் 2024 சீசனில் ஏழு மலை ஏறப்போன பக்தர்கள் மூச்சுத்திணறியும் மயங்கி விழுந்தும் அடுத்தடுத்து உயிர்விட்ட செய்தி எல்லாரும் படித்ததுதான். அது உயரத்தால் வந்த மூச்சுத்திணறல் என்று நினைத்தால் தப்பு. உயரத்துக்கென்று வருகிற மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அகஸ்தியர்கூடம் அந்த உயரத்தைத் தொடுவதே இல்லை. எனவே இங்கே நெஞ்சு இறுகினால், இடது கை கனத்தால், உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்காவிட்டால், “மலைக்காற்று, அப்படித்தான் இருக்கும்” என்று யாராவது சொல்வதைக் கேட்காதீர்கள். அது இதயம். நடையை அங்கேயே நிறுத்துங்கள், கைடிடம் சொல்லுங்கள். நாற்பது தாண்டியவர்களும், பிரஷர், சுகர், புகை மூன்றில் ஒன்று உள்ளவர்களும் பாஸ் எடுக்கும் முன்பே டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று நாளைக்கல்ல, ஐந்து நாளைக்கு எடுத்துப் போங்கள்.

நம் ஊர்க்காரர்கள் செய்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முந்தின நாள் ராத்திரி வரை கடையில் நின்றுவிட்டு, இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, விடியும் முன் பைக்கை எடுத்து காட்டாக்கடை, ஆரியநாடு, விதுரா வழியாக போணக்காடு போய்ச் சேருவது. தூக்கமில்லாத உடம்போடு 15 கிலோமீட்டர் ஏற்றம். முதல் பாதி ஏமாற்றும். மர நிழல், கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஒவ்வொரு தண்ணீராகக் கடந்து சிரித்துப் பேசியபடி போய்விடலாம். அதன் பிறகுதான் நிழலே இல்லாத புல்மேடு. உச்சி வெயில் பொசுக்கும் நேரத்தில் சரியாக அங்கேதான் எல்லாரும் போய் நிற்பார்கள். அதைத் தாண்டினால் ஏழுமடக்கன்தேரி. அதற்கும் மேல் முட்டிடிச்சான்தேரி, காலைத் தூக்கி வைத்தால் முட்டி வந்து முகத்தில் இடிக்கிற ஏற்றம். ரகளையாகக் கிளம்பிய கூட்டம் பேச்சில்லாமல் போவது இங்கேதான். தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே போனாலும் சரிவராது. வியர்வையோடு உப்பும் போகிறது. ஓஆர்எஸ் பாக்கெட்டும் கொஞ்சம் உப்புக்கடலையும் கையில் இருக்கட்டும்.

அதே புல்மேட்டில்தான் இன்னொரு எமனும் இருக்கிறான். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்லில் பற்றிய தீ வளைத்துக்கொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலானோர் இளைஞர்கள். பிப்ரவரி கடைசியில் அட்டையாறு பக்கப் புல்லைப் பார்த்தால் குரங்கணி நினைவுக்கு வரவேண்டும். பீடி, சிகரெட், லைட்டர், “சும்மா ஒரு கட்டன்சாயா போடுவோம்” என்கிற அடுப்பு, எதுவும் கூடாது. தீ வந்துவிட்டால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும், மனிதன் மேல்நோக்கித்தான் மெதுவாக ஓடுவான். வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரை, இவற்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள்.

ஜனவரி என்றால் மழை முடிந்தது என்று ஒரு நினைப்பு உண்டு. இந்த மலைக்கு அது பொருந்தாது. மேற்குச் சரிவு நமக்கு, கிழக்குச் சரிவு திருநெல்வேலிக்கு. வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கம் நின்று ஆடும். 2021-இல் பொங்கல் சமயத்தில்தான் தாமிரபரணியில் வெள்ளம் புரண்டது. அந்த ஆறு பிறப்பதும் பொதிகை என்கிற இதே மலையில்தான். காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை சாயங்காலம் இடுப்பளவு வந்தால் கடக்க முயலாதீர்கள். காத்திருங்கள். ஒரு ராத்திரி பசியோடு கிடந்தால் உயிர் போய்விடாது.

இனி இரண்டாம் நாள். எனக்கு மிகவும் பயமான இடம் அது. அதிருமலையில் கேம்பைச் சுற்றி யானை ஏறாதபடி கிடங்கு வெட்டியிருக்கிறார்கள் என்பதே அது யாருடைய வீடு என்று சொல்லிவிடும். இருட்டிய பிறகு அந்தக் கிடங்கைத் தாண்டி ‘ஒரு வீடியோ எடுத்துட்டு வர்றேன்’ என்று கிளம்பாதீர்கள். விடிந்து கிளம்பினால் ஈற்றைக்காடு. தலைக்கு மேல் வளர்ந்த ஈற்றை, பத்தடிக்கு அப்பால் நிற்பது தெரியாது. யானைக்கு அது சாப்பாட்டு மேடை. ஸ்பீக்கரில் பாட்டு, சென்ட், கத்திக் கூப்பிடுவது மூன்றும் வேண்டாம். கைடு நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் திரும்ப வேண்டும். பாஸுக்குக் கட்டிய பணம் யானைக்குத் தெரியாது.

உச்சிக்குப் போகும் வழியில் பொங்காலைப்பாறைக்கு மேலே கயிறு. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இங்குள்ள பாறை சுண்ணாம்புப் பாறை மாதிரி வெடிப்பும் விளிம்பும் உள்ளதல்ல. மிகப் பழைய, கெட்டியான பாறை. மழையிலும் காற்றிலும் வழுவழுத்துக் குப்புறக் கவிழ்த்த உருளியைப் போல வளைந்து கிடக்கும். காய்ந்திருந்தால் ஷூ நன்றாகப் பிடிக்கும். மஞ்சு இறங்கி ஈரமானால், மேலே படிந்திருக்கும் மெல்லிய பாசி சோப்பாகிவிடும். செங்குத்தான இடங்களில் வனத்துறை கயிறு கட்டியிருக்கிறது. ஏறும்போது கையால் உடம்பை இழுத்துக்கொண்டு போய்விடலாம். வினை இறக்கத்தில். களைத்த கை, நடுங்கும் தொடை, கீழே பார்த்தால் பள்ளம். பயந்தவர் பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சறுக்கப் பார்ப்பார். அப்படிச் செய்யாதீர்கள். முகம் பாறையைப் பார்க்க, கயிறு இரண்டு கையிலும் இருக்க, காலை அகட்டி, பாதம் முழுவதும் பாறையில் படிய ஒவ்வொரு அடியாகப் பின்னால் வையுங்கள். ஒரு கயிற்றில் ஒரு நேரத்தில் ஒருவர். மேலே இன்னொருவர் அதே கயிற்றை இழுத்தால் கீழே இருப்பவர் ஊசலாடுவார். கயிற்றைப் பிடித்த கையில் போன் இருக்கக்கூடாது என்று எழுதவேண்டிய காலமாகிவிட்டது, எழுதிவிட்டேன்.

பாதை விட்டுப் பாறை பக்கம் விலகினால் என்ன ஆகும் என்று 2022 பிப்ரவரியில் கேரளமே டிவியில் பார்த்தது. மலம்புழை அருகே குறும்பாச்சி மலையில் ஓர் இளைஞர் வழுக்கி விழுந்து பாறைப் பொந்தில் சிக்கி, சோறு தண்ணீரில்லாமல் சுமார் 45 மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ராணுவம் வந்துதான் மேலே தூக்கியது. அது பாலக்காடு நகரத்திலிருந்து கூப்பிடு தூரம். அகஸ்தியர்கூடம் அப்படியல்ல.

உச்சியில் குளிர் பற்றி நம் கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு அனுபவமே இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். அமரவிளையில் 22 என்றால் மேலே பத்துச் சொச்சம். அதோடு ஆளைத் தள்ளும் காற்று, வியர்வையில் நனைந்த பனியன். காட்டன் பனியன் ஈரத்தை விடாது. பல் கிடுகிடுத்து, பேச்சு குழறி, “எனக்கு ஒண்ணுமில்லை” என்று ஒருவர் ஓரமாய் உட்கார்ந்தால் அவருக்குத்தான் எல்லாம் இருக்கிறது. ஈர உடையைக் கழற்றி, காய்ந்ததை மாட்டி, காற்றுக்கு மறைவாகக் கூட்டிக்கொண்டு வந்து உடனே இறக்குங்கள். பிராந்தி கொடுக்கலாம் என்று எவனாவது சொன்னால் அவனையும் சேர்த்து இறக்குங்கள். மது அங்கே தடை. தடை இல்லாவிட்டாலும் அது உடம்புச் சூட்டைத்தான் வெளியே விடும்.

பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறதே என்ற தைரியமும் அரைகுறைதான். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்குக்குத்தான். ராஜநாகத்துக்கும் காட்டுக் குழிவிரியன்களுக்கும் அது வேலை செய்யாது. எனவே கடி வாங்காமல் இருப்பதுதான் வைத்தியம். மரக்கட்டையைத் தாண்டும் முன் அந்தப் பக்கம் பாருங்கள், பார்க்காத பொந்தில் கை வைக்காதீர்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் ஒன்றுக்குக்கூட எழுந்து போகாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதும் வேண்டாம், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் சுமந்து இறக்குங்கள்.

ஆரோக்கியப்பச்சைச் செடி பற்றியும் ஒரு வார்த்தை. 1987-இல் இந்தக் காடுகளில் சுற்றிய விஞ்ஞானிகள் களைத்து விழ, வழிகாட்டிய காணிக்காரர்கள் அந்தச் செடியின் காயைத் தின்று சளைக்காமல் நடந்தார்கள். அதிலிருந்துதான் பாலோடு தாவரவியல் பூங்காவில் ‘ஜீவனி’ மருந்து பிறந்தது. நல்ல கதைதான். அதை யூடியூபில் கேட்டுவிட்டுப் பார்க்கிற இலையையும் காயையும் பறித்து வாயில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காணிக்காரர் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. சரணாலயத்தில் இலை பறிப்பதும் குற்றம்.

திரும்பி வந்துவிட்டோம், தப்பித்தோம் என்று பெருமூச்சு விடுகிற நேரத்தில் கடைசி உஷார். அட்டை கடித்தால் தெரியும், ரத்தம் வரும், உதறிவிடலாம். புல்லிலும் புதரிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. அது கடித்து வருவதுதான் நம் பக்கத்தில் செள்ளுப்பனி என்று சொல்கிற உண்ணிக்காய்ச்சல். 2022 ஜூனில் ஒரே வாரத்துக்குள் நம் மாவட்டத்தில் இரண்டு உயிர் போனது. வர்க்கலைப் பக்கம் ஒரு பள்ளி மாணவி, அடுத்தது பாறசாலையில் ஒரு பெண். அவர்கள் மலையேறப் போனவர்கள் அல்ல. ஊர்ப்புதரிலேயே இருக்கிறதென்றால் புல்மேட்டில் மூன்று நாள் உட்கார்ந்து எழுந்தவர் கதையை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்புவலி வரும். மலையேறிய அசதி என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவீர்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப்பட்டி இறுகும் இடம், பெண்களுக்கு மார்புக்குக் கீழே என மறைவான இடங்களில் கருத்த பொருக்கோடு ஒரு வலியில்லாத புண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எல்லாருக்கும் புண் வராது. வழக்கமாக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலின் இதற்கு உதவாது. டாக்ஸிசைக்ளின் நேரத்தோடு கிடைத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். ஓடைத் தண்ணீரில் இறங்கி நடந்தவர்களுக்கு எலிப்பனி எனும் எலிக்காய்ச்சலும் ஏறக்குறைய இதே முகத்தோடுதான் வரும். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியோ பாறசாலையோ, ஓ.பி. வரிசையில் நின்று டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் “காய்ச்சல்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “இத்தனை நாளைக்கு முன்னால் அகஸ்தியர்கூடம் போய்விட்டு வந்தேன்” என்பதை அவர் கேட்காமலே முதலில் சொல்லுங்கள்.